மாட்டு வண்டி ஷேப்ல மெயில்பாக்ஸ் வைக்கலாமா?

கேள்வி: டெக்சாஸ்ல வீடு வாங்கியிருக்கோம், வாசல்ல இருக்கிற தகர மெயில்பாக்ஸ் துருப்பிடிச்சு கதவே மூட மாட்டேங்குது, பக்கத்து வீட்டுக்காரர் பெரிய மீன் வாயைப் பொளந்துட்டு நிக்கிற மாதிரி வச்சிருக்கார், எனக்கு மாட்டு வண்டி மாதிரி மரத்துல செய்ய ஆசை. விடுவாங்களா?

பதில் 1: தாராளமா. ஆனா சொந்தமா செஞ்சா உள்ளூர் போஸ்ட்மாஸ்டர்கிட்ட காட்டி ஓகே வாங்கணும். பெட்டியோட அடிப்பக்கம் ரோட்டுல இருந்து 41-45 இன்ச் உயரம், ரோட்டோரத் திட்டுல இருந்து 6-8 இன்ச் தள்ளி. தபால்காரர் வண்டியை விட்டு இறங்காம கையை நீட்டிப் போடணும்ல.

பதில் 2: ஹெச்ஓஏ (அந்தக் குடியிருப்போட வீட்டு உரிமையாளர் சங்கம்) இருந்தா அவங்களையும் கேட்டுக்கோங்க, நாங்க கேக்காம சேவல் மாதிரி ஒண்ணு வச்சு ஒரே வாரத்துல கழட்டினோம் 😀

பதில் 3: சைடுல கொடி மறந்துடாதீங்க, லெட்டர் அனுப்பணும்னா பெட்டிக்குள்ள வச்சுட்டு அதைத் தூக்கி விடணும், தபால்காரர் பாத்து எடுத்துட்டுப் போவார். இல்லினாய்ஸ்ல கேசிங்கிற ஊர்ல உலகத்துலயே பெரிய மெயில்பாக்ஸ் இருக்கு, படியேறி உள்ளயே போகலாம்! உங்க மாட்டு வண்டியெல்லாம் சும்மா ஜுஜுபி.