எலக்ட்ரான் ஏன் கருவில் விழுவதில்லை? விளக்க உதவுங்கள்

பள்ளி மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. பழைய இயற்பியல் கணக்குப்படி, ஹைட்ரஜனின் எலக்ட்ரான் ஏறக்குறைய 16 பிக்கோ விநாடியில் கருவுக்குள் விழுந்திருக்க வேண்டும். ஆனால் விழுவதில்லை; காரணம் இது: கருவிலிருந்து எலக்ட்ரான் இருக்கும் ஆரத்தைப் பாதியாக்கினால் நிலை ஆற்றல் இரு மடங்குதான் ஆழமாகும். நிச்சயமின்மைக் கோட்பாட்டால் (சிறிய இடத்தில் அடைத்தால் உந்தம் கூடும் என்பது) இயக்க ஆற்றலோ நான்கு மடங்காகும். இந்த இரண்டு ஆற்றல்களின் கூட்டுத்தொகை மிகக் குறைவது 0.529 ஆங்ஸ்ட்ராமில், அங்கே -13.6 எலக்ட்ரான் வோல்ட். இதுவரை நன்றாகவே புரிந்துகொள்கிறார்கள்.

திணறுவது அடுத்த கேள்வியில்தான். 1எஸ் எனும் மிகக் குறைந்த ஆற்றல் நிலையில் எலக்ட்ரான் அடர்த்தி, அதாவது அது ஓரிடத்தில் இருக்கும் வாய்ப்பு, கருவின் இடத்திலேயே உச்சம். பிறகு ஏன் புரோட்டான் அதை விழுங்குவதில்லை? ஹைட்ரஜனில் புரோட்டான் எலக்ட்ரானை விழுங்கி நியூட்ரானாக மாற 0.78 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் போதவில்லை என்று சொல்லலாம். ஆனால் பெரிலியம்-7 அணுவின் கரு தன் எலக்ட்ரானை உண்மையிலேயே விழுங்குகிறதே, அரை ஆயுள் 53 நாள்! "அப்போ விழும்தானே?" என்று மடக்குகிறார்கள், நியாயமான கேள்வி. அலைச் சமன்பாட்டைத் தொடாமல் எலக்ட்ரான் கருவில் விழாததையும், சில கருக்கள் அதை விழுங்குவதையும் பிரித்துப் புரியவைக்கும் வழி தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.