‘டேக் ஃபைவ்’: மிருதங்கம் பயின்ற காதுக்குக் கேட்டது

ஜாஸ் ரசிகர்கள் பலர், மைல்ஸ் டேவிஸ், ஜான் கோல்ட்ரேன் போன்ற ஜாஸ் மேதைகளை முதன்முதலில் கேட்ட அனுபவத்தை எழுதியிருக்கிறார்கள். என்னை ஜாஸ் பக்கம் திருப்பியது பியானோ கலைஞர் டேவ் புரூபெக்கின் நால்வர் குழு 1959இல் வெளியிட்ட ‘டைம் அவுட்’ ஆல்பம். இளவயதில் மிருதங்கம் பயின்றவன் என்பதால், அதிலுள்ள ‘டேக் ஃபைவ்’ ஒலிக்கத் தொடங்கியதுமே கை தானாகக் கண்டச் சாபு (ஐந்து எண்ணிக்கைத் தாளம்) போட்டது. சமம் (சுற்றின் முதல் தட்டு) பொருந்தியது, நடுவில் விழ வேண்டிய தட்டு மட்டும் பொருந்தவில்லை. நாம் ‘தக தகிட’ என்று இரண்டும் மூன்றுமாகப் பிரிக்கும் ஐந்தை அவர்கள் ‘தகிட தக’ என்று மூன்றும் இரண்டுமாக வைத்திருந்தார்கள்.

அதே ஆல்பத்தின் ‘புளூ ராண்டோ ஆ லா டர்க்’ ஒன்பது எண்ணிக்கை. அமெரிக்க வெளியுறவுத்துறை 1958இல் அனுப்பிய சுற்றுப்பயணத்தில் (இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தது அதே பயணம்தான்) இஸ்தான்புல் தெருக்கலைஞர்களிடம் புரூபெக் கேட்ட தாளம் அது. இரண்டு, இரண்டு, இரண்டு, மூன்று என்று மூன்று முறை வந்து, நான்காம் முறை மும்மூன்றாக விழும் அந்தக் கணக்கு, கோர்வை (தாள முடிப்புக் கணக்கு) சொல்லிப் பழகியவர்களுக்கு உடனே பிடிபடும். தனி வாசிப்புகள் தொடங்கியதும் குழு பழகிய நான்கு எண்ணிக்கைக்குத் திரும்பிவிடுவதில் எனக்கு இன்றும் சற்று ஏமாற்றம்தான்.

‘டேக் ஃபைவ்’ அப்படி நழுவுவதில்லை. டிரம்ஸ் கலைஞர் ஜோ மொரெல்லோவுக்கு ஐந்தில் இருந்த ஈடுபாட்டுக்காக, ஆல்டோ சாக்ஸஃபோன் வாசித்த பால் டெஸ்மண்ட் எழுதிய உருப்படி அது. மொரெல்லோவின் தனிப் பகுதி வரும்போது, தனி ஆவர்த்தனத்தில் (கச்சேரியில் மிருதங்கம் தனித்து ஒலிக்கும் பகுதி) பாடகர் கையால் தாளம் காட்டிக்கொண்டிருப்பதைப் போல, புரூபெக் பியானோவில் ஒரே சிறு தொடரை மாற்றமின்றி வாசித்துக்கொண்டே இருக்கிறார். குழுவின் தலைவர் தமக்கென்று தனி வாசிப்பே வைத்துக்கொள்ளாமல் கணக்குக் காப்பதை மட்டும் ஏற்றுக்கொண்டதால்தான், மொரெல்லோவால் அடிகளை நெருக்காமல், இடைவெளி விட்டு, சுற்றின் எல்லையைத் தாண்டித் தாண்டி வாசிக்க முடிந்தது என்பது என் கருத்து. ‘டேக் ஃபைவ்’ உருப்படியின் உரிமத் தொகையைத் தமக்குப் பின் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்குச் சேருமாறு டெஸ்மண்ட் எழுதிவைத்தார். அவர் 1977இல் மறைந்தார்.

குழுவில் அதிகம் பேசப்படாதவர் பாஸ் (தாழ்ந்த ஒலி தரும் பெரிய தந்திக் கருவி) வாசித்த யூஜின் ரைட். பியானோவோடு சேர்ந்து அந்த மூன்று–இரண்டு பிரிவை விடாமல் தாங்குபவர் அவரே. அவர் கறுப்பினத்தவர் என்பதற்காக, 1960இல் அமெரிக்கத் தென்மாநிலக் கல்லூரிகளில் ஏற்பாடாகியிருந்த நிகழ்ச்சிகளில் இருபதுக்கும் மேற்பட்டவை ரத்தாயின; அவருக்குப் பதிலாக வெள்ளையர் ஒருவரை அமர்த்த புரூபெக் மறுத்துவிட்டார். வருமானம் போனது, குழு கலையவில்லை; அந்த நால்வரும் 1967 வரை சேர்ந்தே வாசித்தார்கள்.

1963ஆம் ஆண்டு கார்னகி ஹால் பதிவில் இதே உருப்படி மிக வேகமாகப் போகிறது. அரங்கத்தின் உற்சாகம் அதில் உண்டு என்றாலும், மொரெல்லோ விட்ட இடைவெளிகளைக் கேட்க விரும்புவோர் 1959ஆம் ஆண்டு ஸ்டூடியோ பதிவிலிருந்தே தொடங்கலாம்.