திங்லிங் கல்கதவு: திருடனுக்குப் பூட்டா, கட்டியவருக்குத் தாழ்ப்பாளா?

கற்றளி:
திங்லிங் என்பது சீனாவின் மிங் பேரரசர் வான்லியின் கல்லறை. அதன் நிலத்தடி அரண்மனைக் கல்கதவை வெறும் அலங்காரம் என்று சொல்பவர்கள் உண்டு. ஒரு பலகை 3.3 மீட்டர் உயரம், 1.7 அகலம், சுமார் 4 டன். சுழலும் பக்கம் 40 செ.மீ. தடிமன், விளிம்பில் பாதிதான். சீராக 40 வைத்திருந்தால் 6 டன்னைத் தாண்டியிருக்கும்; கதவு சுழலும் மேல்குமிழை வெளியே இழுக்கும் விசையும் கூடும். அந்தக் குமிழைப் பிடிப்பது ஏறக்குறைய 10 டன் வெண்கல உத்தரம். பின்னால் சாய்த்து வைத்த 'தானே வரும் கல்', கதவை வெளியிலிருந்து இழுத்து மூடும்போது கூடவே சரிந்து முட்டுக்கொடுத்துவிடும். பிறகு எவன் தள்ளுவான்?

குழிவெட்டி:
1957இல் அகழாய்வாளர்கள் தள்ளினார்களே! கம்பியை வளைத்து, கதவிடுக்கில் விட்டு, கல்லின் கழுத்தைப் பிடித்து நிமிர்த்தினார்கள். அது புது யுக்தியும் இல்லை. 1644இல் கடைசி மிங் பேரரசர் சோங்சனை, முன்பே இறந்த தியன் என்ற துணைவியின் கல்லறையில் அடக்கம் செய்தவர்கள் 'வளைமுளைச் சாவி'யால் கதவைத் திறந்ததாகப் பதிவு இருக்கிறது. சாவி உள்ள தாழ்ப்பாளை அரண் என்பீர்களா?

கற்றளி:
சாவி தெரிந்தவர்கள் அரசு ஆட்கள். கொள்ளையனுக்கு? 1928இல் சிங் பேரரசர் சியன்லோங்கின் கல்லறைக்குள் நுழைந்த படையினர் கடைசிக் கதவுக்கு வெடிதான் வைத்தார்கள்.

குழிவெட்டி:
அங்கே அடைத்தது கல் இல்லை ஐயா, தண்ணீர். ஊற்று நீரில் சவப்பெட்டி மிதந்து கதவில் சாய்ந்துகொண்டது. வடிகால் பிசகியதை உங்கள் கணக்கில் சேர்க்காதீர்கள்.

எழினி:
இருவரும் கதவையே பார்க்கிறீர்கள். திங்லிங் 1590இல் முடிந்தது. வான்லி இறந்தது 1620. அவரை அடக்கம் செய்ய, முப்பது வருடம் மண் மூடிய சுரங்கத்தை மறுபடி தோண்டித்தான் ஆக வேண்டும். அதனால்தான் வழியில் ஒரு சிறு கல்லை நட்டு, 'இங்கிருந்து வைரச்சுவரின் முன்முகம் 16 சாங், ஆழம் 3.5 சாங்' என்று பொறித்தார்கள். வைரச்சுவர் என்பது நிலத்தடி அரண்மனையின் முகப்பை அடைத்த சுவர்; சாங் என்பது சீன நீள அளவு, ஒரு சாங் 3.2 மீட்டர் அளவு. அதாவது 51 மீட்டர் தூரம், 11 மீட்டர் ஆழம். அகழ்ந்தவர்களுக்கு வழி காட்டியதும் அதே கல்தான். வைரச்சுவரின் வாயிலில் செங்கலைச் சாந்து இல்லாமல் அடுக்கியதும் திரும்பப் பிரிக்கத்தான்.

கற்றளி:
சரி, சுவர் பிரிக்கக் கட்டியது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிரிக்க நினைத்தவர்கள் உத்தரத்துக்கு 10 டன் வெண்கலம் ஏன் போட்டார்கள்?

எழினி:
கல் உத்தரம் போட்டிருந்தால், கதவைத் திறந்து மூடும்போது குமிழ் சுழலும் குழி விண்டுபோயிருக்கலாம்.