நெளி அட்டையில் நாற்காலி செய்தோர் அனுபவங்கள்

கோவையிலிருந்து ஓர் உறுப்பினர்:

கட்டடக்கலைப் படிப்பின் முதலாண்டில் எங்களுக்குத் தரப்பட்ட பயிற்சி இது: பசை, ஆணி, ஒட்டுநாடா எதுவுமின்றி, நெளி அட்டையை (பெட்டி செய்யும் கார்ட்போர்டு) மடித்தும் செருகியும் மட்டுமே, பெரியவர் ஒருவர் உட்காரக்கூடிய நாற்காலியைச் செய்ய வேண்டும். இப்போது இதே பயிற்சியில் இறங்கியிருக்கும் மாணவர்களுக்கு உதவும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அட்டை நாற்காலி என்றதும் பலரும் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கெரி 1972இல் வடிவமைத்த ‘விகிள்’ நாற்காலியைத்தான் முன்மாதிரியாகக் கொள்கிறார்கள். அதன் அழகில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. எனினும் அது அட்டைகளை அடுக்கடுக்காக ஒட்டி உருவாக்கிய கனத்த பொருள். மடித்துச் செருகுபவருக்கு அதிலிருந்து கிடைக்கும் பாடம் குறைவு. 1963இல் பிரிட்டனைச் சேர்ந்த பீட்டர் மர்டாக், ஒற்றைத் தாளை மடித்தே எழுப்பும் வகையில் வடிவமைத்த புள்ளி போட்ட குழந்தை நாற்காலியைப் பாருங்கள். மெல்லிய தாளும் சரியான இடத்தில் மடிந்தால் சுமை தாங்கும் என்பது அதில் கண்கூடாகத் தெரியும்.

அட்டைக்கு எல்லாத் திசையிலும் ஒரே பலம் கிடையாது. இரண்டு தாள்களுக்கு நடுவே ஓடும் நெளிகள் செங்குத்தாக நிற்கும்போது ஒவ்வொன்றும் ஒரு சிறு தூணாகச் சுமையை ஏற்கிறது. அதே அட்டையைப் படுக்கைவாட்டில் திருப்பி நிறுத்தினால் நெளிகள் ஒன்றன்மேல் ஒன்று நசுங்கிவிடுகின்றன. ஆகவே எடையைத் தரைக்குக் கொண்டுசெல்லும் அட்டைப் பலகைகள் எல்லாவற்றிலும் நெளி மேலிருந்து கீழாகவே ஓட வேண்டும். அப்படி நிறுத்தினாலும், அகலமான பலகை நசுங்குவதற்கு வெகு முன்பே நடுவில் புடைத்து மடங்கிவிடும். குறுக்குப் பலகைகளைச் செருகுவது இதைத் தடுக்கத்தான். இரண்டு குறுக்குப் பலகைகளுக்கு இடைப்பட்ட அகலத்தைப் பாதியாக்கினால், புடைப்பதற்கு எதிரான தாங்குதிறன் ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. கனமான அட்டையைத் தேடி அலைவதைவிட, இருக்கைக்கு அடியில் நெருக்கமான கட்டம் அமைப்பதே மேல் என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான்.

காடி, அதாவது பலகைகளை ஒன்றில் ஒன்று செருகுவதற்கான பிளவு, வெட்டுவதில் பொறுமை காட்டுங்கள். ஒரு பலகையில் மேலிருந்து பாதி, மற்றதில் கீழிருந்து பாதி என்று வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றை இறக்குகிறோம். காடி ஆழம் குறைந்தால் ஒரு பலகை மட்டும் ஒரு மில்லிமீட்டர் உயர்ந்து நிற்கும். உட்காருபவரின் எடை முழுவதும் முதலில் அதன் மேல்தான் விழும். காடியின் அகலம் அட்டையின் தடிமனைவிட மயிரிழை குறைவாக இருந்தால், செருகும்போது விளிம்பு லேசாக அமுங்கி இறுகப் பிடித்துக்கொள்ளும். கூடிவிட்டால் நாற்காலி பக்கவாட்டில் ஆடத் தொடங்கும்.

எங்கள் ஆசிரியர் ஒவ்வொரு நாற்காலியிலும் தாமே உட்கார்ந்து பார்த்தார். நான் பயந்து பயந்து உட்கார முயன்றபோது, “வேலை முடிந்து களைத்து வருபவர் எப்படி உட்காருவாரோ அப்படி உட்காருங்கள் தம்பி, நாற்காலிக்குச் சோதனை அதுதான்” என்றார். பொத்தென்று உட்கார்ந்தால் அந்தக் கணத்தில் எடையைவிட அதிகமான விசை இறங்குகிறது. சாய்ந்துகொள்ளும்போதோ அந்த விசை பின்பக்கம் நகர்கிறது. முதுகுச் சாய்வைத் தனித் துண்டாகச் செருகாமல், பக்கப் பலகைகளையே மேலே நீட்டி, அவற்றின் அடிப்பகுதியைப் பின்னால் சற்று அகட்டி வைத்ததால், என்னுடையது இரண்டையும் தாங்கியது.

சிவகாசியிலிருந்து மற்றோர் உறுப்பினர்:

நான் அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்கூடத்தில் வேலை செய்கிறேன். கோவை நண்பர் எழுதியதில் மடிப்பைப் பற்றி மட்டும் சிறிது சேர்க்க விரும்புகிறேன். நெளிக்குக் குறுக்கே மடித்தால் மடிப்பு கோட்டிலேயே நிற்கும். நெளியின் போக்கிலேயே மடித்தால், போட்ட கோட்டை விட்டு விலகி அருகிலுள்ள பள்ளத்தில் போய் மடியும்; அங்கே கோடு ஒரு பள்ளத்தின் மேலேயே விழும்படி அளவைச் சற்று நகர்த்திக்கொள்ளுங்கள். கத்தியால் கீறாமல், ஸ்டீல் ஸ்கேலை வைத்து, மை தீர்ந்த பேனா முனையால் அழுத்தித் தேய்த்தாலே போதும். மேல்தாள் அறுந்தால் மடிப்பின் பலமும் போய்விடும்.

எங்கள் மகள் பள்ளிக் கண்காட்சிக்காகச் செய்த முக்காலியை ஐந்து பிளை அட்டையில்தான் (மூன்று தாள்களுக்கு நடுவே இரண்டு நெளி அடுக்குகள் கொண்டது) செய்தோம். வெயில் காலத்தில் அசையாமல் நின்ற அது, ஐப்பசி மழையில் சன்னலோரம் கிடந்தபோது தளர்ந்துவிட்டது. காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்திலிருந்து 90 சதவீதத்துக்கு ஏறினால் அட்டையின் தாங்குதிறன் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும். நெளியை ஒட்டியிருப்பதும் மாவுப்பசைதான் என்பதால், நனைந்தால் அடுக்குகளே பிரியும். தரையில் படும் விளிம்புகளுக்காவது மெழுகு பூசிவைப்பது நல்லது.

பழைய பெட்டியைப் பிரித்துச் செய்பவர்கள், கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, உள்ளே நெளி ஏற்கெனவே நசுங்கிய இடங்களைக் கால்களுக்குப் பயன்படுத்தாமல் ஒதுக்கிவிடுங்கள். புதிதாக ஷீட் வாங்குவதானால், நெளி நீளவாட்டில் ஓட வேண்டுமா அகலவாட்டிலா என்பதைக் கடையில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.