பூனைக்குட்டி வளர்க்கப் பயிற்சி அவசியமா?

வேளச்சேரிவாசி:
காப்பகத்திலிருந்து இரண்டு வாரக் குட்டிகள் மூன்றைத் தற்காலிகமாக வளர்க்கக் கொண்டுவந்தேன். ஒரு பால்புட்டியும் 'பார்த்துக்கோங்க' என்ற சொல்லும்தான் தந்தார்கள். மல்லாத்திப் போட்டுப் பாலூட்டினேன். ஒன்று புரையேறி இறந்துவிட்டது. பயிற்சி எடுத்திருந்தால் பிழைத்திருக்குமோ?

மொட்டைமாடி:
உங்கள் தவறு இல்லை, சொல்லித் தந்திருக்க வேண்டும். குப்புறப் படுக்க வைத்துத்தான் ஊட்ட வேண்டும். பசும்பால் வேண்டாம், வயிற்றால் போகும். பூனைக்குட்டிக்கான பால்பவுடர் வாங்குங்கள். உடம்பு சில்லென்று இருந்தால் முதலில் சூடேற்றுங்கள், அப்புறம்தான் பால். ஊட்டியதும் வெதுவெதுப்பான ஈரப்பஞ்சால் அடியில் தடவினால்தான் சிறுநீர் கழிக்கும். எனக்கு இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் துணிப்பொம்மையை வைத்துக் காட்டினார்கள். சிரிப்பாக இருந்தது, முதல் குட்டி கைக்கு வரும்வரை.

நாய்க்காரன்:
நீங்கள் கடிபடும் முன்பே போட்டுக்கொள்ளும் வெறிநாய்க்கடி முன்தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். பூனை கீறினாலும் ஆபத்துதான். தரைக்கு பினாயில் போடாதீர்கள், பூனைக்கு அது விஷம்.

வேளச்சேரிவாசி:
ஐயோ, தினமும் அதில்தான் துடைக்கிறேன்! சரி, நிறுத்திவிட்டேன். எடை எவ்வளவு கூட வேண்டும்?

மொட்டைமாடி:
நாளுக்கு 10 கிராமாவது. சமையலறைத் தராசு போதும்.