ரகசிய ஓட்டு: மில் எதிர்த்தது தவறா?

தென்றல்வாசி:
ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1861-இல் ரகசிய வாக்கெடுப்பை எதிர்த்து எழுதினார். அதைப் பழமைவாதம் என்று ஒதுக்குவது நியாயமில்லை. ஓட்டு ஒருவரின் சொந்தச் சொத்து அல்ல, எல்லாருக்காகவும் அவர் கையில் ஒப்படைத்த பொறுப்பு என்பது அவர் வாதம். அன்றைய பிரிட்டனில் நாடாளுமன்றத் தேர்தலில் பெண்களுக்கு ஓட்டு இல்லை, பெரும்பாலான தொழிலாளர்களுக்கும் இல்லை. ஓட்டுள்ள சிலர் யாருக்குப் போட்டார்கள் என்று மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

கரிசல்:
தெரிந்துகொண்டவர்கள் யார் என்று பாருங்கள். அப்போது வாக்காளர் எல்லார் காதிலும் விழும்படி வேட்பாளர் பெயரைச் சொல்ல வேண்டும். அது பதிவேட்டில் ஏறும், பல ஊர்களில் அச்சாகி விற்பனைக்கும் வரும். பண்ணையாருக்கு வேறென்ன வேண்டும்? 1868 தேர்தலில் வேல்ஸின் கார்டிகன்ஷைர், கார்மார்தன்ஷைர் பகுதிகளில் லிபரல் கட்சிக்குப் போட்ட குத்தகை விவசாயிகள் பலரை நிலத்தைவிட்டே விரட்டினார்கள். வாக்காளரை மிரட்டும் பலம் குறைந்துவருகிறது என்று மில் எழுதி ஏழே வருடத்தில்!

தென்றல்வாசி:
வேல்ஸில் நடந்தது கொடுமைதான். ஆனால் மிரட்டியவரைத் தண்டிப்பதுதானே வழி? 1872-இல் ரகசிய ஓட்டு வந்தபிறகும் லஞ்சம் நிற்கவில்லை. 1880 தேர்தலிலும் பணம் தாராளமாகப் புழங்கியது. 1883-இல் தனிச் சட்டம் போட்டு, வேட்பாளர் செலவுக்கு வரம்பு வைத்த பிறகுதான் அடங்க ஆரம்பித்தது.

கரிசல்:
லஞ்சத்துக்கு அது சரி. குத்தகையைப் புதுப்பிக்காமல் விடுவதை எந்தக் கோர்ட்டில் நிரூபிப்பீர்கள்? பண்ணையார் காரணமே சொல்ல வேண்டாமே.

செவ்வந்தி:
ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1872 சட்டப்படி வாக்குச்சீட்டின் பின்னால் ஓர் எண், சீட்டைக் கிழித்த பின் அதிகாரியிடம் தங்கும் அடிக்கட்டையிலும் அதே எண். முறைகேடு வழக்கென்றால் கோர்ட் உத்தரவோடு சரிபார்க்கலாம். பண்ணையாரால் முடியாது.

கரிசல்:
அதுதான் சரியான ஏற்பாடு. மில்லின் கவலை தீர, ஓட்டில்லாதவருக்கு ஓட்டுக் கொடுக்க வேண்டும். பிரிட்டனில் தொழிலாளர் உரிமைக்காகப் போராடிய சார்ட்டிஸ்டுகள் 1838 சாசனத்தில் வயதுவந்த ஆண்கள் எல்லாருக்கும் ஓட்டு, ரகசிய வாக்கெடுப்பு இரண்டையும் சேர்த்தே கேட்டார்கள்.

தென்றல்வாசி:
"ஆண்கள்" என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். பெண்களுக்கும் ஓட்டு வேண்டும் என்று 1867-இல் நாடாளுமன்றத்தில் திருத்தம் கொண்டுவந்தவர் மில். 73 பேர் ஆதரித்தும் தோற்றது. ஐந்து வருடம் கழித்து ரகசிய ஓட்டு வந்தபோதும் பெண்கள் வெளியேதான். தங்கள் பெயரால் ஆண்கள் யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்கும் வழியும் அதோடு போயிற்று. இதற்குப் பதில் சொல்லுங்கள், கரிசல்.