ஓவர்க்ளாக் செய்ய பட்ஜெட் பிசி: இந்த கொட்டேஷன் சரியா? (அவசரம்)

வேளச்சேரி_விசிறி:
வணக்கம். 45 ஆயிரத்துக்குள் ஓவர்க்ளாக் (சிப்பை நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது) செய்கிற மாதிரி ஒரு பிசி வேண்டும். ரிச்சி தெருவில் ஒரு கடையில் ஐ5-12400எஃப் இன்டெல் சிப், எச்610 மதர்போர்டு, 16 ஜிபி ரேம், 500 ஜிபி எஸ்எஸ்டி, கேபினெட்டோடு எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) என்று எழுதிக் கொடுத்தார்கள். பயாஸில் (போர்டின் செட்டிங்ஸ் திரை) போய் ஸ்பீடு ஏற்றிக்கொள்ளலாம் என்றார் கடைக்காரர். நாளைக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். எடுக்கலாமா?

மாம்பலம்_மணி:
மானிட்டர் இந்த 45-க்குள்ளேயா, தனியா? கேமுக்கா, எடிட்டிங்குக்கா? ரேம் ஒரே ஸ்டிக்கா, இரண்டா? கிராபிக்ஸ் கார்டு பற்றி ஒன்றுமே எழுதவில்லையே ப்ரோ.

சிலிகான்_சித்தர்:
இதே கேள்விக்கு இங்கே எத்தனையோ முறை பதில் எழுதியாகிவிட்டது. கேட்பதற்கு முன் தேடிப் பார்க்கும் பழக்கம் வேண்டும் தம்பி. இன்டெலில் பெயரின் கடைசியில் கே, கேஎஃப் மாதிரி எழுத்து இருந்தால்தான் மல்டிப்ளையர் (சிப்பின் வேகத்தை நிர்ணயிக்கும் பெருக்கு எண்) திறந்திருக்கும். அதுவும் இசட் வரிசை போர்டில்தான் ஏற்ற முடியும். 12400எஃப் பூட்டிய சிப். எச்610-ல் ரேம் ஸ்பீடைக்கூட ஏற்ற முடியாது. ஓவர்க்ளாக் செய்ய வழியே இல்லாத ஜோடி இது. அடிப்படை தெரியாமல் கடைக்குப் போகக் கூடாது.

பெரம்பூர்_பிசி:
பேசாமல் ஏஎம்டியின் ரைசன் 5 5600 எடுங்க. 6 கோர், 12 த்ரெட், பெட்டியிலேயே கூலரும் வரும், மல்டிப்ளையர் திறந்திருக்கும். போர்டு பி450 அல்லது பி550. விலை குறைவு என்று ஏ520-ஐத் தள்ளிவிடப் பார்ப்பார்கள், அதில் சிபியு ஓவர்க்ளாக் கிடையாது. பழைய பி450 என்றால் பயாஸ் அப்டேட் ஆகியிருக்கிறதா என்று கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்க. விஆர்எம் (போர்டில் சிப்புக்கு வோல்டேஜ் தரும் பகுதி) மேல் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்க் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து வாங்குங்க.

வோல்ட்_வேலு:
சிப்பெல்லாம் அப்புறம். கேபினெட்டோடு வரும் எஸ்எம்பிஎஸ்ஸை வைத்து ஓவர்க்ளாக் செய்யவே கூடாது. அது போகும்போது போர்டையும் இழுத்துக்கொண்டு போகும். நல்ல கம்பெனியின் 550 வாட், 80 ப்ளஸ் பிரான்ஸ் (மின் திறன் சான்று) எஸ்எம்பிஎஸ் தனியாக வாங்குங்க. வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கா? ஸ்கொயர் வேவ் (கரன்ட்டைச் சதுர அலையாகத் தருவது) என்றால் பிசியை அதில் மாட்டாதீங்க.

பெரம்பூர்_பிசி:
எங்கள் வீட்டில் ஸ்கொயர் வேவ்தான் வேலு. வருஷக்கணக்கா ஓடுது, ஒன்றும் ஆகலை.

வோல்ட்_வேலு:
உங்கள் எஸ்எம்பிஎஸ் பழைய டிசைனாக இருக்கும். இப்போது வருகிற ஆக்டிவ் பிஎஃப்சி (கரன்ட் இழுப்பதைச் சீராக்கும் சர்க்யூட்) மாடல்கள் பல ஸ்கொயர் வேவில் ஒத்துழைக்காது. கரன்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் நொடியில் பிசி அணைந்துவிடும். எழுதிக்கொண்டிருந்த ஃபைலோடு எஸ்எஸ்டி கெட்டால் யார் பொறுப்பு?

பெரம்பூர்_பிசி:
அதுக்குத்தான் யுபிஎஸ் இருக்கே. பாவம், 45 ஆயிரத்தில் அவர் எதையெல்லாம்தான் வாங்குவார்?

வேளச்சேரி_விசிறி:
மானிட்டர் இருக்கு. காலேஜ் வேலை, கொஞ்சம் கேம். கிராபிக்ஸ் கார்டு இப்போ இல்லை, தீபாவளிக்கு வாங்கலாம்னு இருக்கேன். ரேம் ஒரே 16-ஆம். இன்வெர்ட்டர் என்ன வேவ்னு தெரியலை.

மாம்பலம்_மணி:
நல்ல வேளை, சொன்னீங்க! எஃப் என்றால் சிப்புக்குள் கிராபிக்ஸ் இல்லை. அந்த கொட்டேஷனை அப்படியே வாங்கியிருந்தால் தீபாவளி வரைக்கும் திரையில் ஒன்றுமே வந்திருக்காது. 5600-லும் கிடையாது. உங்களுக்கு 5600ஜி தான் சரி, உள்ளேயே வேகா 7 கிராபிக்ஸ் இருக்கு. அதற்கென்று தனி மெமரி இல்லாததால் ரேமைத்தான் பகிர்ந்துகொள்ளும். அதனால் ஒரே 16 வேண்டாம், 8+8 வாங்குங்க. ரேமின் இரண்டு சேனலும் ஓடினால் கேமில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். டிடிஆர்4 3600 ரேம் எடுத்து எக்ஸ்எம்பி (ரேமை அதில் எழுதிய வேகத்தில் ஓட்டும் பயாஸ் செட்டிங்) ஆன் செய்யுங்க, அப்புறம் உள் கிராபிக்ஸை 1900 மெகாஹெர்ட்ஸிலிருந்து கொஞ்சம் கொஞ்சமா ஏற்றுங்க. சின்ன பட்ஜெட்டில் ஓவர்க்ளாக் நிஜமாகவே பலன் தருவது இங்கேதான். சிபியு கோர்களை 100, 200 மெகாஹெர்ட்ஸ் ஏற்றி ஒன்றும் பெரிதாகக் கிடைக்காது.

சிலிகான்_சித்தர்:
அரைகுறை யோசனை. 5600ஜி-யில் எல்3 கேஷ் (சிப்புக்குள் இருக்கும் வேக மெமரி) 16 எம்பிதான், 5600-ல் 32. பிசிஐஇ-யும் (கிராபிக்ஸ் கார்டு இணையும் வழி) 3.0 தான். நாளை கார்டு போட்டால் 5600 முந்திவிடும். இதையும் சொல்ல வேண்டாமா?

மாம்பலம்_மணி:
உண்மைதான் சார். ஆனால் அதுவரை அவர் எதில் படிப்பார்? இன்னொன்று விசிறி, சென்னை வெயிலில் அறையே 35 டிகிரி இருக்கும். எந்த ஏர் கூலரும் சிப்பை அறை வெப்பத்துக்குக் கீழே கொண்டு போகாது. 5600ஜி-க்கு 95 டிகிரி உச்சவரம்பு. வோல்டேஜை ஏற்றுவதற்கு முன் கர்வ் ஆப்டிமைசரில் (சிப்பின் வோல்டேஜைக் குறைக்கும் பயாஸ் செட்டிங்) மைனஸ் 10 போட்டுப் பாருங்க. சூடு குறையும், வேகமும் நிற்கும். ரேமை ஏற்றியதும் மெம்டெஸ்ட் (ரேமைச் சோதிக்கும் புரோகிராம்) ஒரு ராத்திரி ஓட விடுங்க.

வேளச்சேரி_விசிறி:
5600ஜி, பி550, 8+8 வாங்கியாச்சு. எக்ஸ்எம்பி போடும் வரை 2400-னு காட்டியது, இப்போ 3600. மெம்டெஸ்டில் எரர் இல்லை. ரொம்ப நன்றி மணி அண்ணா.

வோல்ட்_வேலு:
எஸ்எம்பிஎஸ் எது எடுத்தீங்க?

வோல்ட்_வேலு:
தம்பி, இருக்கீங்களா? தனியா வாங்கினீங்களா, கேபினெட்டோடு வந்ததேதானா?